எர்த் பின்னை உடைக்காதீர்கள், ஆம்பை நகர்த்துங்கள்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கும். நங்கநல்லூரில் ஃபிளாட். பெரியப்பாவின் பழைய ரெக்கார்டு பிளேயர் உங்கள் கைக்கு வந்திருக்கிறது. ஹாலில் புதிதாக டிவி யூனிட் செய்திருக்கிறீர்கள். கீழ்த்தட்டில் ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர்), அதை ஒட்டி செட்டாப் பாக்ஸ், பின்னால் ஸ்டெபிலைசர், ஆம்புக்கு நேர் மேல்தட்டில் ரெக்கார்டு பிளேயர். ஆம்பை போனோவுக்கு, அதாவது ரெக்கார்டு பிளேயருக்கான பகுதிக்கு, மாற்றினால் ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல் (ஹம் என்பார்கள்), வால்யூமை ஏற்ற ஏற்ற அதுவும் ஏறுகிறது. சிடி போட்டால் இல்லை. கடைக்காரர் எட்டாயிரம் ரூபாய் கேபிளைக் காட்டுகிறார். எலக்ட்ரீஷியன், ஆம்ப் பிளக்கில் இருக்கிற எர்த் பின்னை உடைத்துவிட்டால் சரியாகிவிடும் என்கிறார். பக்கத்துச் சுவரில் கடப்பாக் கல் ஷெல்ஃப் ஒன்று இருக்கிறது, ஆனால் அது முழுக்கக் கொலு பொம்மைப் பெட்டிகள்.

முதலில் அந்த எர்த் பின். தயவுசெய்து தொடாதீர்கள். உடைத்தால் சில நேரம் ஹம் நிஜமாகவே போய்விடும், அதுதான் இந்த யோசனையில் இருக்கிற வம்பு. வேலை செய்தது என்று எல்லோரும் அப்படியே விட்டுவிடுவார்கள். பிறகு ஒருநாள் ஆம்பின் உள்ளே ஒரு வயர் தளர்ந்து பாடியைத் தொட்டால், ஆம்பின் இரும்புப் பெட்டி, அதோடு சேர்ந்த ரெக்கார்டு பிளேயரின் ஊசி தாங்கும் கை, ஸ்பீக்கர் பின்னாலிருக்கும் திருகு எல்லாவற்றிலும் 230 வோல்ட் நிற்கும். எர்த் இருந்தால் அந்த நொடியே ஃபியூஸோ எம்சிபியோ போயிருக்கும். இல்லாவிட்டால் முதலில் தொடுகிற ஆள்தான் எர்த். சென்னையில் வியர்வைக் கையோடு, வெறுங்காலோடு மொசைக் தரையில் நின்றுதான் நாம் இசைத்தட்டை மாற்றுகிறோம். அதனால் அந்தப் பேச்சே வேண்டாம்.

கேபிளும் இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் எழுதியதைப் படித்தால் எனக்கு முதலில் சந்தேகம் வருவது பொருள்களை வைத்திருக்கும் இடத்தின் மேல்தான்.

ஏன் போனோவில் மட்டும் என்று புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. சிடி பிளேயர் ஆம்புக்கு அனுப்புவது அதிகபட்சம் 2 வோல்ட் அளவு. உங்கள் மூவிங் மேக்னட் வகை கார்ட்ரிட்ஜ் (ஊசியின் அசைவை மின்சாரமாக்கும் சின்னப் பெட்டி) அனுப்புவது சுமார் 5 மில்லிவோல்ட், அதாவது அதில் நானூறில் ஒரு பங்கு. மூவிங் காயில் வகை என்றால் இன்னும் மோசம், அரை மில்லிவோல்ட்டுக்கும் கீழே. இதைக் கேட்கிற அளவுக்குக் கொண்டுவர போனோ பகுதி 100 மடங்கு பெருக்குகிறது. அதோடு முடியவில்லை. தட்டு வெட்டும்போது தாழ்ந்த சுரங்களைக் குறைத்துத்தான் வெட்டுவார்கள், இல்லாவிட்டால் பள்ளம் அகலமாகி ஒரு பக்கத்தில் பாட்டு அடங்காது. ஆகவே வாசிக்கும்போது அந்தத் தாழ்ந்த பகுதியை மறுபடி தூக்கிக் கொடுக்க வேண்டும். 1954இல் வந்த ஆர்ஐஏஏ என்ற ரெக்கார்டுத் துறைப் பொதுக் கணக்குப்படி 1000 ஹெர்ட்ஸோடு ஒப்பிட்டால் 50 ஹெர்ட்ஸ் சுமார் 17 டெசிபல் கூடுதலாகத் தூக்கப்படுகிறது, ஏழு மடங்கு. நம் ஊர் மின்சாரம் எத்தனை ஹெர்ட்ஸ்? அதே 50. ஆக, ஈபி லைனின் முனகலைத் தேடிப் பிடித்து 700 மடங்கு பெருக்குவதற்காகவே செய்து வைத்த ஒரு கருவியை ஆம்பின் டிரான்ஸ்ஃபார்மருக்கு ஒரு சாண் மேலே வைத்திருக்கிறோம். முனகாமல் என்ன செய்யும்?

இங்கே ஒரு சின்ன இடைச்செருகல், கச்சேரி கேட்பவர்களுக்கு. 50 ஹெர்ட்ஸ் என்பது ஏறக்குறைய ஐந்து கட்டைச் சுருதி, கொஞ்சம் தூக்கலாக. 100 ஹெர்ட்ஸ் அதன் மேல் ஸ்தாயி. பெண் பாடகர் ஐந்து கட்டையில் பாடிய தட்டாக இருந்தால் ஹம் தம்புராவோடு ஒட்டிக்கொண்டு பல நாள் தெரியாமலே இருக்கும். ஒரு கட்டையில் பாடும் ஆண் குரல் என்றால் அது பஞ்சமமாக வந்து உட்காரும், அப்போதும் பெரிதாக உறுத்தாது. இரண்டரைக் கட்டை தட்டைப் போட்டால்தான் காது ‘என்னப்பா இது’ என்று கேட்கும். எனவே ஹம் இருக்கிறதா என்று பார்க்கத் தம்புரா ஒலிக்கிற தட்டைப் போடாதீர்கள். தட்டே போடாமல் பாருங்கள்.

சரி, ஹம் இரண்டு வகை. இரண்டுக்கும் மருந்து வேறு, அதனால்தான் ஊர் முழுக்க ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்கள், அவரவர் வீட்டில் பலித்ததைச் சொல்கிறார்கள். முதல் வகை காந்தப்புலம் வழியாக வருவது. டிரான்ஸ்ஃபார்மர், மோட்டார், சோக் எதைச் சுற்றியும் ஒரு காந்தப்புலம் நொடிக்கு 50 முறை புரண்டுகொண்டே இருக்கும். கார்ட்ரிட்ஜுக்குள் இருப்பதும் கம்பிச்சுருள்தானே, அது இந்தப் புலத்தையும் பாட்டு மாதிரியே எடுத்துக்கொள்ளும். இந்தச் சத்தம் உருண்டையாக, மெத்தென்று இருக்கும், தூரத்தில் மாவு மில் ஓடுவதுபோல. இரண்டாவது வகை எர்த் வழியாக வருவது, எர்த் லூப் என்பார்கள். அது பெரும்பாலும் 50 ஹெர்ட்ஸோடு அதன் மேலே இருக்கிற சுரங்களும் கலந்து ‘ஜ்ர்ர்ர்’ என்று கொஞ்சம் முள் வைத்த மாதிரி கேட்கும். காதை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்ல முடியாது, ஆனால் பிரித்துப் பார்க்க ஒரு எளிய சோதனை இருக்கிறது.

ரெக்கார்டு பிளேயரின் மோட்டாரை ஓடவிடாமல், பிளக்கையே பிடுங்கிவிடுங்கள். ஆம்பை போனோவில் வைத்து ஹம் தெளிவாகக் கேட்கிற அளவுக்கு மட்டும் வால்யூம் ஏற்றுங்கள். ஊசிக்கு மூடி போட்டு, கையை அதன் தாங்கியிலிருந்து எடுத்து, மெதுவாகத் தட்டின் வெளி ஓரத்திலிருந்து நடுவுக்குக் கொண்டுபோங்கள். பிறகு பிளேயரை அப்படியே இரண்டு கையாலும் தூக்கி (வயர் எட்டுகிற வரை, வீட்டில் ஒருவரைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்) ஆம்பிலிருந்து ஒரு முழம் இடப்பக்கம், ஒரு முழம் வலப்பக்கம் நகர்த்துங்கள். ஓரிடத்தில் சத்தம் ஏறி இன்னோரிடத்தில் அடங்குகிறது என்றால் அது காந்த வகை, சந்தேகமே இல்லை. எங்கே கொண்டுபோனாலும் ஒரே மாதிரி கத்துகிறது என்றால் எர்த் பக்கம் பார்க்க வேண்டும். இரண்டும் சேர்ந்திருப்பதும் உண்டு, உங்கள் டிவி யூனிட்டில் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

காந்த வகைக்கு மருந்து தூரம். இலவசம். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து கசியும் புலம் ஏறக்குறைய தூரத்தின் மும்மடிப் பெருக்கத்துக்கு ஏற்பக் குறையும். இடைவெளியை இரண்டு மடங்காக்கினால் புலம் எட்டில் ஒன்று. 15 செண்டிமீட்டரை 45 ஆக்கினால் இருபத்தேழில் ஒன்று. எந்தக் கேபிளும் இந்த வேலையைச் செய்யாது. அடுத்தது கோணம். புலத்துக்குத் திசை உண்டு, கார்ட்ரிட்ஜ் சுருளுக்கும் திசை உண்டு, இரண்டும் ஒரே நேர்கோட்டில் இருந்தால் அதிகம், செங்கோணத்தில் இருந்தால் குறைவு. அதனால் ஆம்பை நகர்த்த இடமே இல்லாதவர்கள் அதை 90 டிகிரி திருப்பி வைத்துப் பார்த்தாலும் வித்தியாசம் கேட்கும். அசிங்கமாக இருக்கும், ஆனால் பலிக்கும். பழைய ஆம்புகளில் டிரான்ஸ்ஃபார்மர் பெரும்பாலும் ஒரு ஓரமாக இருக்கும், பெட்டியைத் தூக்கிப் பார்த்தால் கனமான பக்கம் எது என்று கைக்கே தெரிந்துவிடும். அந்தப் பக்கத்தைப் பிளேயரிலிருந்து தள்ளி வையுங்கள். ஊசி முனை பொதுவாகப் பிளேயரின் வலது பாதியில்தான் நடமாடுகிறது. ஆகவே ஆம்ப் பிளேயருக்கு இடப்பக்கம் இருப்பது நல்லது. டொராய்டல் என்ற வளைய டிரான்ஸ்ஃபார்மர் கொஞ்சம் குறைவாகக் கசியும், தகடு அடுக்கிய சதுர வகை அதிகம் கசியும், ஆனால் வளையம் என்பதற்காக மேலே கொண்டுபோய்ப் பிளேயரை வைக்க வேண்டாம்.

ஸ்டெபிலைசரை மறந்துவிடுகிறோம். அதுவும் உள்ளே ஒரு பெரிய டிரான்ஸ்ஃபார்மர்தான், பெயர்தான் வேறு. டிவிக்கு என்று வாங்கியதை யூனிட்டின் பின்னால் தள்ளிவிட்டு, அது இருக்கிறது என்பதே நினைவில்லாமல் ஆம்பைப் பழிசொல்லிக்கொண்டிருப்போம். என் நண்பர் ஒருவர் மூன்று மாதம் போனோ ப்ரீஆம்பை (போனோ பகுதியை மட்டும் தனிப் பெட்டியாக வைத்தது) மாற்றி மாற்றிப் பார்த்தார். கடைசியில் தரையைக் கூட்டுவதற்காக யூனிட்டை இழுத்தபோது ஸ்டெபிலைசர் ஒரு முழம் தள்ளிப் போனது, ஹம்மும் போனது. மோடம், சார்ஜர், போனோ ப்ரீஆம்புக்கே வரும் அந்தக் கறுப்பு அடாப்டர், எல்லாமே சந்தேகப் பட்டியலில் வரும்.

பிளேயருக்குள்ளேயே இருக்கிற மோட்டாரும் ஒரு காரணம். சோதனையில் பிளக் இல்லாதபோது அமைதி, பிளக் போட்டு ஓடவிட்டால் ஹம், அதுவும் ஊசி நடுவை நெருங்க நெருங்க ஏறுகிறது என்றால் மோட்டாரும் கார்ட்ரிட்ஜும் ஒத்துப்போகவில்லை. கிராடோ கார்ட்ரிட்ஜை ரேகா பிளேயரில் போட்டால் இப்படி வரும் என்பது ரெக்கார்டு வட்டாரத்தில் பழைய கதை, அந்தக் கார்ட்ரிட்ஜுகளில் கவசம் குறைவு. இதற்கு இடம் மாற்றிப் பயனில்லை, கார்ட்ரிட்ஜைத்தான் மாற்ற வேண்டும்.

தூரம் என்றவுடன் எல்லோரும் கேட்கிற கேள்வி, பிளேயரைத் தள்ளி வைத்தால் வயர் நீளுமே, அது பரவாயில்லையா? இங்கேதான் கவனம் வேண்டும். பிளேயரிலிருந்து போனோ பகுதி வரை வரும் வயரை நீட்டக் கூடாது. அதில் ஓடுவது மில்லிவோல்ட். தவிர, மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜுக்கு வயரின் கெப்பாசிட்டன்ஸ் (மின்னேற்றத்தைத் தேக்கும் தன்மை) கூடினால் மேல் சுரங்களின் நிறமே மாறிவிடும். ஒரு மீட்டர், சற்று மேலே போகலாம், அவ்வளவுதான். போனோ பகுதியைக் கடந்த பிறகு வருகிற வயரை எவ்வளவு வேண்டுமானாலும் நீட்டலாம், நாலைந்து மீட்டர் பிரச்சினையே இல்லை. ஆகவே ஆம்பைக் கட்டாயம் டிவி யூனிட்டிலேயே வைக்க வேண்டும் என்றால், தனியாக ஒரு சின்ன போனோ ப்ரீஆம்ப் வாங்கிப் பிளேயர் பக்கத்தில் வைத்து, அங்கிருந்து நீள வயரை ஆம்பின் ஆக்ஸ் சொருகிக்கு (போனோ அல்லாத சாதாரண ஆடியோ சொருகி) கொண்டுவாருங்கள். எட்டாயிரம் செலவழித்தே ஆக வேண்டும் என்றால் அதில் ஒரு பகுதியை இதற்குக் கொடுக்கலாம். வயர் போகிற வழியில் கரண்ட் வயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள். கார்பென்டர்கள் யூனிட்டுக்குப் பின்னால் ஒரே ஓட்டை போட்டு எல்லா வயரையும் அதில் இழுத்து, டேக் போட்டு, பார்க்க அழகாகக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அந்த அழகே வினை. சிக்னல் வயர் ஒரு பக்கம், கரண்ட் வயர் மறுபக்கம், குறுக்கே கடந்துதான் ஆக வேண்டும் என்றால் கூட்டல் குறி மாதிரி நேர்குறுக்காகக் கடக்கட்டும்.

கவசம் போடலாமா என்றால், சமையலறை அலுமினியம் ஃபாயில் சுற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலத்துக்கு ஃபாயில் இருப்பதே தெரியாது. செம்பில்கூட இந்த அலைவரிசைக்கு ஊடுருவும் ஆழம் 9 மில்லிமீட்டருக்கு மேல், பிறகு மெல்லிய ஃபாயில் என்ன தடுக்கும்? இந்தப் புலத்தைத் திருப்பிவிட இரும்பு வேண்டும், அதைவிட மியூ மெட்டல் என்ற கலவை சிறந்தது, ஆனால் விலை. நான் ஒரு தடவை ஆம்புக்கும் பிளேயருக்கும் நடுவில் வீட்டுப் பழைய இரும்பு தோசைக்கல்லைச் செருகிப் பார்த்தேன். முனகல் நன்றாகவே குறைந்தது, வீட்டிலும் கல்லைத் தேடிச் சத்தம் வந்தது. காரணம் காந்தம்தான் என்று உறுதிசெய்துகொள்ள அது போதும். அதையே நிரந்தரமாக விட்டுவிடாதீர்கள், ஆம்பின் காற்றுத் துளைகளை அடைத்துவிடும்.

காற்று என்றதும் சொல்லிவிடுகிறேன். கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸில் ஆம்பைப் பூட்டி வைக்கிற பழக்கம் நம் ஊரில் தூசிக்குப் பயந்து வந்தது. சித்திரை மாதத்தில் அறையே 38 டிகிரி, உள்ளே இன்னும் ஏறும். ஆம்புக்குள் மின்சாரத்தைச் சமன்படுத்தும் எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர்கள் ஒவ்வொரு 10 டிகிரி ஏற்றத்துக்கும் ஆயுளில் பாதியை இழக்கும் என்பது பொதுவான கணக்கு. அவை காய்ந்து போனால் வருவதும் ஹம்தான், 100 ஹெர்ட்ஸில். ஆக, இன்று அழகுக்காக மூடி வைத்தால் சில வருடம் கழித்து இன்னொரு ஹம்மை நாமே வளர்க்கிறோம். மேலே ஒரு சாண் இடைவெளி, பின்பக்கம் திறப்பு, கதவு வேண்டாம். உங்கள் ஆம்பிலேயே இது நடந்திருக்கிறதா என்று பார்க்க: எல்லா வயரையும் பின்னால் பிடுங்கிவிட்டு ஸ்பீக்கரை மட்டும் விட்டு, வால்யூமை முழுக்கக் குறையுங்கள். அப்போதும் முனகினால் வியாதி ஆம்புக்குள். ரிச்சி ஸ்ட்ரீட்டில் 105 டிகிரி ரக கெப்பாசிட்டர் கிடைக்கும், வோல்டேஜ் அளவு பழையதைவிடக் குறையாமல் வாங்க வேண்டும். ஆனால் மாற்றுகிற வேலையைத் தெரிந்தவரிடம் கொடுங்கள். பிளக் பிடுங்கிய பிறகும் அவற்றில் மின்சாரம் தேங்கி நிற்கும். சிடி போட்டால் சத்தமில்லை என்கிறீர்கள், உங்கள் ஆம்ப் நன்றாக இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

இன்னொன்று, சத்தம் ஸ்பீக்கரிலிருந்து வராமல் ஆம்பின் பெட்டியிலிருந்தே வந்தால் அது டிரான்ஸ்ஃபார்மரின் தகடோ சுருளோ அதிர்கிற சத்தம். வேறு கதை. வீட்டில் யாராவது ஹேர் டிரையரைப் பாதி வேகத்தில் ஓட்டினால்கூட வளைய டிரான்ஸ்ஃபார்மர் உறுமும். ஆம்புக்கு அடியில் ரப்பர் வைத்தால் யூனிட் பலகை சேர்ந்து பாடுவது நிற்கும், பெரும்பாலும் அது போதும்.

இப்போது எர்த். ரெக்கார்டு பிளேயரிலிருந்து பாட்டைக் கொண்டுவரும் இரண்டு ஆர்சிஏ ஆடியோ வயரோடு மெல்லியதாக ஒரு தனி வயர் வரும், நுனியில் கவைபோன்ற ஒரு தகடு. ஆம்பின் பின்னால் எர்த் என்றோ ஜிஎன்டி என்றோ எழுதிய திருகில் அதை மாட்ட வேண்டும். பாதி ஹம் புகார் இந்த வயர் மாட்டாமலோ, மாட்டிய திருகு பச்சை பூத்ததாலோ வருவது. ரேகா மாதிரி சில பிளேயர்களில் இந்தத் தனி வயரே இருக்காது, ஆர்சிஏ வயருக்குள்ளேயே எர்த்தைச் சேர்த்திருப்பார்கள். காணவில்லை என்று தேடாதீர்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் இருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு வேலை உண்டு, உப்புக் காற்று ஆர்சிஏ முனைகளை ஆறு மாதத்தில் மங்க வைத்துவிடும். கழற்றி, கான்டாக்ட் கிளீனர் அடித்துத் துடைத்து, திருப்பித் திருப்பி மாட்டினால் போதும். வெளிக்கூட்டில் தொடர்பு விட்டால் வரும் ஹம் பயங்கரமாக இருக்கும், ஏதோ பெரிதாகக் கெட்டுவிட்டது என்று நினைக்கத் தோன்றும்.

உங்கள் வீட்டில் நான் அதிகம் சந்தேகப்படுவது செட்டாப் பாக்ஸை. அதிலிருந்து ஆம்புக்கு ஆடியோ வயர் கொடுத்திருக்கிறீர்களா? கொடுத்திருந்தால் கேபிள் டிவி வயரைச் செட்டாப் பாக்ஸிலிருந்து திருகிக் கழற்றுங்கள். ஹம் நின்றால் ஆள் பிடிபட்டான். அந்த வயரின் வெளிப்பின்னல் தெருவில் எங்கோ, டிஷ் என்றால் மொட்டை மாடியில் ஏதாவது இரும்புக் குழாயோடு, எர்த் ஆகியிருக்கும். ஆம்ப் உங்கள் வீட்டு எர்த்தில் இருக்கும். இரண்டு எர்த்துக்கும் நடுவில் இருக்கிற சின்ன வோல்டேஜ் வித்தியாசம் ஆடியோ வயரின் வெளிக்கூடு வழியாக ஓடும், அதை ஆம்ப் பாட்டு என்று நினைத்துக்கொள்ளும். டிவியிலோ பாக்ஸிலோ ஆப்டிகல் ஆடியோ சொருகி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள், ஒளி மட்டும்தான் போகிறது, எர்த் போகாது. இல்லாவிட்டால் ஆடியோ வயரில் போடுகிற சின்ன ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் கிடைக்கிறது. பாட்டுக் கேட்கும்போது மட்டும் அந்த வயரைப் பிடுங்கிவிடுவதும் ஒரு வழி, நான் இரண்டு வருடம் அப்படித்தான் ஓட்டினேன்.

செட்டாப் பாக்ஸின் ஆர்சிஏ முனையைத் தொட்டால் லேசாகச் சுருக்கென்று இருக்கும், கவனித்திருப்பீர்கள். இரண்டு பின் மட்டும் உள்ள அடாப்டர் கருவிகளில் சத்தம் வடிகட்டும் ஒரு சின்ன கெப்பாசிட்டர் வழியாக வெளிக்கூடு லைனின் பாதி வோல்டேஜில் மிதந்துகொண்டிருக்கும். மிகச் சின்ன கரண்ட், ஆளுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் போனோவுக்குப் பக்கத்தில் அது நல்ல சகவாசம் இல்லை. அந்த இரண்டு பின் பிளக்கைத் திருப்பிச் சொருகினாலே சில சமயம் முனகல் பாதியாகும். காசில்லாத சோதனை, செய்து பாருங்கள்.

ஆம்ப், பிளேயர், போனோ ப்ரீஆம்ப் எல்லாவற்றையும் நல்ல எர்த் உள்ள ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகுங்கள். வெவ்வேறு சுவரில் வெவ்வேறு பாயின்ட் என்றால் லூப்புக்கு நாமே வழி வெட்டிக் கொடுக்கிறோம்.

ஆனால் சுவரில் உள்ள எர்த் எர்த்தாகவே இருக்கிறதா? இருபது வருடம் முன்பு மயிலாப்பூரில் ஒரு பழைய வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தேன். என்ன செய்தும் ஹம் போகவில்லை. ஒருநாள் சாக்கெட்டைக் கழற்றிப் பார்த்தால், எர்த் ஓட்டையிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு வயர் பக்கத்து நியூட்ரலுக்குப் போகிறது. யாரோ ஒரு எலக்ட்ரீஷியன், டெஸ்ட் லாம்ப் எரிந்தால் எர்த் இருக்கிறது என்று வீட்டுக்காரர் நம்பிவிடுவார் என்று செய்த கைங்கரியம். மின்கம்பத்தில் வேலை பார்க்கும்போது ஃபேஸும் நியூட்ரலும் மாறிப்போனாலோ, நியூட்ரல் அறுந்தாலோ ஆம்ப் பாடி முழுக்க ஷாக். ஹம் அங்கே சின்ன விஷயம். மல்டிமீட்டர் பிடிக்கத் தெரிந்தவர் இருந்தால் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே அளந்து பார்க்கச் சொல்லுங்கள். அதே லைனில் அயர்ன் பாக்ஸை ஓடவிட்டால் ஒன்றிரண்டு வோல்ட் எழும்புவது இயல்பு. எவ்வளவு லோடு கொடுத்தாலும் சுத்தமாகப் பூஜ்யம் என்றால் என் மயிலாப்பூர் கதையாக இருக்கலாம். நாற்பது ஐம்பது வோல்ட் காட்டினால் எர்த்தே இல்லை. அபார்ட்மென்ட் என்றால் கீழே எர்த் குழி எங்கே என்று கேளுங்கள். கோடையில் மண் காய்ந்தால் எர்த்தும் பலவீனமாகும், வாட்ச்மேனிடம் சொல்லி வாரம் இரண்டு பக்கெட் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். அந்தக் காலத்து வீடுகளில் இதை யாராவது ஒரு தாத்தா செய்துகொண்டிருப்பார், இப்போது குழிக்கு மேல் கார் நிற்கிறது.

ஃபேன் ரெகுலேட்டரையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். வழுவழுவென்று எங்கே வேண்டுமானாலும் திருப்பி நிறுத்தக்கூடிய எலக்ட்ரானிக் வகை என்றால் அது மின்சார அலையை வெட்டி வெட்டித்தான் வேகத்தைக் குறைக்கிறது, அந்த வெட்டு ஸ்பீக்கரில் ‘ஜிர்ர்’ என்று கேட்கும். ஃபேனை முழு வேகத்தில் வைத்தால் சத்தம் நின்றுவிடும், அப்படியென்றால் குற்றவாளி அதுவே. டக் டக் என்று படி படியாக விழுகிற கெப்பாசிட்டர் வகைக்கு மாற்றிவிடுங்கள். கரண்ட் போனபோது மட்டும் உறுமினால் இன்வெர்ட்டர் சதுர அலை வகை. சைன் வேவ் வகை வாங்கும்வரை அந்த நேரத்தில் பாட்டு வேண்டாம். ஃபிரிட்ஜ் கிளம்பும்போது ‘டப்’ என்றால் அது ஹம் கணக்கில் வராது, விடுங்கள்.

கடைசியாக ஒரு போலி ஹம். வால்யூமைக் கொஞ்சம் ஏற்றினதும் ‘ஊஊ’ என்று வளர்ந்துகொண்டே போகிறதா? ஸ்பீக்கரும் பிளேயரும் ஒரே யூனிட்டின் மேல் நின்றால் ஸ்பீக்கரின் அதிர்வு பலகை வழியாக ஊசிக்குப் போய், ஊசியிலிருந்து மறுபடி ஸ்பீக்கருக்கு வந்து சுற்றும். சுழலாத தட்டின் மேல் ஊசியை வைத்து வால்யூமை மெதுவாக ஏற்றினால் தெரிந்துவிடும், உறும ஆரம்பித்தவுடன் குறைத்துவிடுங்கள். பிளைவுட் யூனிட்டுக்கு இது பெரிய நோய். எர்த்தும் காந்தமும் இதற்குச் சம்பந்தமே இல்லை, பிளேயருக்கு அசையாத இடம் வேண்டும், அவ்வளவுதான்.

இதற்காகத்தான் உங்கள் கடப்பா ஷெல்ஃப் மேல் எனக்கு ஆரம்பத்திலிருந்தே கண். சுவருக்குள் பதித்த கல், கனம், யாராவது ஹாலில் ஓடினாலும் ஊசி குதிக்காது, ஸ்பீக்கர் தரையில் நிற்பதால் அதிர்வும் ஏறாது. ஆம்பிலிருந்து ஒன்றரை மீட்டராவது தள்ளி இருக்கிறது என்று நீங்கள் சொன்ன அளவிலிருந்து தெரிகிறது. அந்தச் சுவரின் மறுபக்கம் ஈபி போர்டோ ஃபிரிட்ஜோ இல்லை என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், இருந்தால் கல்லின் இந்த ஓரத்துக்குத் தள்ளுங்கள். கல் அகலம் போதுமா என்று அளந்து பாருங்கள், பிளேயரின் மூடி திறக்கப் பின்னால் நாலு விரல் இடம் வேண்டும். போனோ ப்ரீஆம்ப் கல்லிலேயே பிளேயருக்கு இடப்பக்கம், அதன் அடாப்டர் கீழே தரைப் பக்கம். இந்த ஞாயிற்றுக்கிழமை பிளேயரை ஒரு ஸ்டூலில் தூக்கி வைத்து அந்தச் சுவர் ஓரமாகச் சோதித்துப் பாருங்கள், சத்தம் அடங்கினால் பிறகு கல்லுக்கு ஏற்றலாம். பொம்மைப் பெட்டிகள் பரணுக்குப் போகலாமா என்று வீட்டில் நீங்கள்தான் கேட்க வேண்டும், அதில் என்னிடம் யோசனை இல்லை.